சட்டமன்ற உறுப்பினரின் கடிதத்தைப் படிப்பது எப்படி? உடைந்த கார் கண்ணாடி வழியாக ஒரு குறிப்பு

அமெரிக்காவில் மாநில சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கள் தொகுதி மக்களுக்கு அவ்வப்போது கடிதம் அனுப்புவார்கள். இப்போது பெரும்பாலும் மின்னஞ்சல்தான். கலிஃபோர்னியாவில் சில ஆண்டுகளாக அதில் அடிக்கடி வரும் தலைப்பு 'சமூகப் பாதுகாப்பு'. கடைத் திருட்டு, கார் கண்ணாடி உடைப்பு, போதைப் பொருள் என்று ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே "மசோதா கொண்டுவந்தேன்", "ஆதரித்தேன்", "துணை நின்றேன்" என்று ஒரு வினைச்சொல் இருக்கும். படிச்சு முடிச்சதும் நிறைய நடந்திருக்குன்னு தோணும். என்ன மாறியது, எப்போதிலிருந்து என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வராது.

இந்தக் கடிதங்களில் பொய் இருப்பது அபூர்வம். விஷயம் வினைச்சொற்களில் இருக்கிறது. மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் போதும்.

1. மசோதா எந்தப் படியில் நிற்கிறது?

கலிஃபோர்னிய சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள்: 40 பேர் கொண்ட செனட், 80 பேர் கொண்ட அசெம்பிளி. ஆண்டுக்கு 2,000 மசோதாக்களுக்கு மேல் வருகின்றன. குற்றம் சம்பந்தமான மசோதா முதலில் பொதுப் பாதுகாப்புக் குழுவுக்குப் போகும். அரசுக்குச் செலவு வைக்கும் என்றால் அடுத்து நிதி ஒதுக்கீட்டுக் குழு. பிறகு அவையில் வாக்கெடுப்பு. அதன்பின் மற்ற அவையிலும் இதே பயணம். கடைசியில் ஆளுநரின் கையெழுத்து.

இதில் நிறைய மசோதாக்கள் அடங்கிப்போகும் இடம் நிதிக் குழு. செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் மசோதாவைத் தனியாக ஒரு கோப்பில் நிறுத்தி வைப்பார்கள். பிறகு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மசோதாக்களின் கதியை வரிசையாக வாசித்து முடித்துவிடுவார்கள். ஏன் நின்றது என்று அங்கே விவாதமும் இல்லை, விளக்கமும் இல்லை.

கார் கண்ணாடி விஷயம் இதற்கு நல்ல உதாரணம். பழைய சட்டப்படி காருக்குள் புகுந்து திருடியதைக் கன்னக்களவாக நிரூபிக்க வேண்டுமானால், கார் கதவு பூட்டியிருந்தது என்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். கண்ணாடி சுக்குநூறாகக் கிடப்பது மட்டும் போதாது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குச் சுற்றுலா வந்தவரின் வாடகைக் கார் என்றால், "ஆமாம், நான் பூட்டினேன்" என்று சாட்சி சொல்ல அவர் ஊரிலிருந்து திரும்பி வரணும். யார் வருவாங்க?

இந்த ஓட்டையை அடைக்க அந்த நகரின் செனட்டர் ஸ்காட் வீனர் 2018இல் மசோதா கொண்டுவந்தார். நிதிக் குழுவைத் தாண்டவில்லை. 2019இல் மறுபடி கொண்டுவந்தார். அதுவும் தாண்டவில்லை. வழக்கும் சிறைவாசமும் கூடினால் செலவும் கூடும் என்பதுதான் சிக்கல். கடைசியில் எஸ்.பி. 905 என்ற எண்ணோடு 2024இல் நிறைவேறி, அந்த ஆகஸ்டில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார். திருடும் நோக்கத்தோடு காருக்குள் பலவந்தமாக நுழைவதே இப்போது தனிக் குற்றம்.

"மசோதா கொண்டுவந்தேன்" என்பது 2018இலும் உண்மை, 2024இலும் உண்மை. நடுவில் ஆறு வருஷம் சட்டத்தில் எதுவும் மாறவில்லை. கையெழுத்தான பிறகும் சாதாரண மசோதா அடுத்த ஜனவரி 1 அன்றுதான் நடைமுறைக்கு வரும். உடனே வரவேண்டும் என்றால் அவசர மசோதாவாக மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும்.

2. அதை மாற்ற அவருக்கு அதிகாரம் இருக்கிறதா?

"950 டாலருக்குள் திருடினால் கலிஃபோர்னியாவில் குற்றமே இல்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். அது தவறு. அது மிஸ்டிமீனர் எனும் சிறு குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. 950ஐத் தாண்டினால்தான் ஃபெலனி எனும் பெருங்குற்றமாக ஆக்க முடியும். கெடுபிடிக்குப் பேர்போன டெக்சாஸில் அந்த எல்லை 2,500 டாலர்!

எல்லையை 400இலிருந்து 950க்கு உயர்த்தியது 2010இல் சட்டமன்றமே. ஆனால் 2014இல் மக்கள் நேரடியாக வாக்களித்து நிறைவேற்றிய ப்ரொபொசிஷன் 47, அந்தத் தொகைக்குள் நடக்கும் கடைத் திருட்டை மிஸ்டிமீனர் என்று பூட்டிவிட்டது. மக்கள் போட்ட சட்டத்தைச் சட்டமன்றம் தன்னிஷ்டத்துக்குத் திருத்த முடியாது.

அதனால் 2024இல் உறுப்பினர்கள் 950ஐத் தொடாமல் சுற்றியிருந்த விதிகளை மாற்றினார்கள். போலீஸ் கண்முன் நடக்காத மிஸ்டிமீனருக்கு வாரன்ட் இல்லாமல் கைது செய்ய பொதுவாக முடியாது. கடைத் திருட்டுக்கு அந்த விதியை ஏ.பி. 2943 தளர்த்தியது. ஒரே ஆள் பல கவுன்ட்டிகளில் செய்த திருட்டுகளை ஒரே இடத்தில் வழக்காக நடத்த ஏ.பி. 1779 வழி செய்தது.

ப்ரொபொசிஷன் 47ஐயே மாற்ற மறுபடி மக்களிடம்தான் போக வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் ப்ரொபொசிஷன் 36 சுமார் 68 சதவீத ஆதரவோடு வென்றது. ஏற்கெனவே இரண்டு முறை திருட்டுக்குத் தண்டனை பெற்றவர் மறுபடி திருடினால், தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் இப்போது ஃபெலனி வழக்குப் போடலாம். ஆகவே "950 டாலர் எல்லையை மாற்றுவேன்" என்று யாராவது எழுதினால், மக்கள் வாக்கெடுப்புக்கு எப்படிக் கொண்டுபோவீங்க என்று கேட்கலாம்.

3. நடைமுறைப்படுத்துவது யார்?

சட்டம் எழுதுவது மாநிலம். ரோந்து போவது நகரப் போலீஸ். அதன் பட்ஜெட் நகர மன்றத்தின் கையில். சிறையைப் பார்த்துக்கொள்வது கவுன்ட்டி ஷெரீஃப். வழக்குப் போடலாமா வேண்டாமா என்பது மாவட்ட வழக்கறிஞரின் முடிவு, அவரும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்தான். சான் ஃபிரான்சிஸ்கோவில் 2022இல் சேசா பூடினையும், பக்கத்து அலமீடா கவுன்ட்டியில் 2024இல் பமெலா பிரைஸையும் வாக்காளர்கள் பதவியிலிருந்து திரும்ப அழைத்தார்கள். இருவரும் மாவட்ட வழக்கறிஞர்கள். அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். கோபம் எந்தக் கதவைத் தட்டியது என்பதைக் கவனியுங்கள்.

பணமும் இங்கேதான் இடிக்கும். ப்ரொபொசிஷன் 36 போதைப் பழக்கம் உள்ளவர்களுக்குச் சிகிச்சை என்று சொன்னது, அதற்கென்று தனி நிதியை ஒதுக்கவில்லை. சட்டம் ஒரு இடத்தில், சுமை இன்னொரு இடத்தில்.

கடிதத்தில் வராத ஒன்று

அசெம்பிளியில் சாதாரண மசோதா நிறைவேற 41 வாக்கு, செனட்டில் 21. வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். எனவே வாக்களிக்காமல் இருப்பதும் எதிர்த்து வாக்களிப்பதும் விளைவில் ஒன்றுதான். ஆனால் "எதிர்த்தார்" என்ற பெயர் வராது. "இந்த மசோதாவில் நான் பட்டனை அழுத்தவே இல்லை" என்று எந்தக் கடிதமும் சொல்லாது.

அதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கடிதத்தில் இருக்கும் மசோதா எண்ணை சட்டமன்றத்தின் லெஜ்இன்ஃபோ தளத்தில் போட்டால் எந்தப் படியில் நிற்கிறது, என்னென்ன திருத்தம், குழு ஊழியர்களின் அலசல், யார் யார் வாக்களித்தார்கள், யார் வாக்களிக்கவில்லை எல்லாம் வந்துவிடும். எண்ணே இல்லாத கடிதம் வந்தால் அலுவலகத்துக்கு ஒரு வரி பதில் போடுங்க: "மசோதா எண் என்ன?" அதைக் கேட்கத் தொகுதி வாசியாக இருந்தால் போதும், குடியுரிமைகூட வேண்டியதில்லை.