அரிசி இருந்தா போதுமா? வழியும் இருக்கணும்!



அரிசி இருந்தும் பசி வருமா? வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம்ம தென் மாவட்டங்கள் அதைக் கண்கூடாகப் பார்த்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுமார் 800 பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். திருநெல்வேலியில் இருந்து அந்த ஊர் 30 கி.மீ. சொச்சம்தான். ஆனாலும் ரோடு, தண்டவாளம் இரண்டும் போனதால், ஹெலிகாப்டரில்தான் சாப்பாடு கொண்டுபோக முடிந்தது.

அதற்கு முன்னால் பசியாற்றியது யார்? பக்கத்தில் உள்ள புதுக்குடி கிராமத்து மக்கள்தான். ரயிலை விட்டு இறங்கி ஊருக்குள் வந்தவர்களுக்கு, இருந்ததைச் சமைத்துப் போட்டார்கள். தூரத்தில் மலைபோல் இருக்கும் மூட்டையைவிட, பக்கத்தில் இருக்கும் ஒரு மூட்டைதான் முதல் நாள் உயிர் காக்கும். இதுதான் நமக்குப் பாடம்.

நம்ம தென்காசிக்கும் இது பொருந்தும். மேற்கே மலையில் பெய்யும் மழை, கீழே வெயில் அடிக்கும்போதும் அருவியிலும் சிற்றாற்றிலும் பாய்ந்து வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்த 17 வயதுப் பையனை அடித்துச் சென்றது. தண்ணீர் நமக்குச் சொல்லிவிட்டு வராது. அதனால் யோசிப்பதை முன்னாலேயே யோசித்து வைக்கணும்.

கிடங்கை எங்கே வைப்பது?

1. மேடான இடம் வேண்டும். ஆற்றங்கரை, குளத்துக்கரைக்குக் கீழே உள்ள கட்டிடம் வேண்டாம். வாடகை குறைவு என்று பள்ளத்தில் வைத்தால், முதலில் நனைவது நம்ம அரிசிதான்.

2. இரண்டு பாதை வேண்டும். ஒரு தரைப்பாலத்தை மட்டும் நம்பி இருக்கும் இடம் ஆகாது. ஒன்று மூழ்கினால் மற்றொன்றில் போகணும்.

3. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதீங்க. ஆற்றுக்கு இக்கரையில் மட்டும் வைத்தால் அக்கரைக்காரங்க பட்டினிதான். இரண்டு கரையிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கட்டும்.

4. கடைசி ஊரை நினைத்து இடம் பாருங்க. பெரிய ஊருக்குப் பக்கத்தில் வைப்பது சுலபம். ஆனால் ஓரத்தில் இருக்கும் காலனிக்கும், மலையடிவாரத்து வீடுகளுக்கும் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும் என்பதுதான் கேள்வி.

உலக அளவிலும் இதே கணக்குதான். உலக உணவுத் திட்டம் என்ற ஐ.நா. அமைப்பு, இத்தாலியில் பிரிண்டிசி, அரபு நாட்டில் துபாய், ஆப்பிரிக்காவில் அக்ரா என்று பல இடங்களில் நிவாரணக் கிடங்குகளைப் பிரித்து வைத்திருக்கிறது. எங்கே ஆபத்து வந்தாலும் பக்கத்தில் இருந்து பொருள் கிளம்பணும் என்பதற்காக.

வண்டி எந்த வழியாகப் போவது?

ஒரு உதாரணம் பார்ப்போம். கிடங்கில் இருந்து முதல் ஊர் 6 கி.மீ., இரண்டாவது ஊர் 8 கி.மீ., மூன்றாவது ஊர் 7 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகப் போய்த் திரும்பினால் மொத்தம் 42 கி.மீ. ஆனால் முதல் ஊரில் இருந்து இரண்டாவது ஊர் 3 கி.மீ., அங்கிருந்து மூன்றாவது ஊர் 2 கி.மீ.தான் என்றால்? ஒரே சுற்றாகப் போய் வந்தால் 6+3+2+7, ஆக 18 கி.மீ. டீசலும் மிச்சம், நேரமும் மிச்சம்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. அதே 18 கி.மீ. சுற்றை எந்தப் பக்கத்தில் இருந்தும் தொடங்கலாம். மூன்றாவது ஊர்ப் பாதையில்தான் முதலில் தண்ணீர் ஏறும் என்றால், அங்கேதான் முதலில் போகணும். கிட்டத்தில் இருக்கிற ஊர் முதலில் என்பது சட்டம் இல்லை. துண்டிக்கப்படப் போகிற ஊர்தான் முதலில்.

எந்த ஊருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று நோட்டில் எழுதுவதும் முக்கியம். 2004 சுனாமி சமயத்தில் நாகப்பட்டினத்தில் வேண்டாத பழைய துணிகள் ரோட்டோரம் குவிந்து கிடந்தன. கேட்டுக் கொடுத்திருந்தால் அந்த வண்டிகளில் தேவையான பொருள் வந்திருக்கும்.

நாம் செய்ய வேண்டியது

அடுத்த கூட்டத்தில் தரையில் கோலமாவால் ஊராட்சி வரைபடம் போடுங்க. ஆறு, குளம், ஓடை, தரைப்பாலம், பள்ளி, ரேஷன் கடை எல்லாம் குறிங்க. போன மழைக்கு எந்த ரோடு முதலில் மூழ்கியது என்று வயசான அம்மாக்களைக் கேளுங்க. அவங்களுக்குத் தெரியாத ஓடை கிடையாது. கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள், தனியாக இருக்கும் முதியவர்கள் வீடுகளுக்குப் பொட்டு வையுங்க. டிராக்டர், வேன் யாரிடம் உண்டு என்று எழுதி வையுங்க. இருப்பில் அரிசி, பருப்பு, தீப்பெட்டி, டார்ச், நாப்கின், ஓ.ஆர்.எஸ். பவுடர் இருக்கட்டும், பழையதை முதலில் எடுத்துவிட்டுப் புதியதை வையுங்க. மாவட்ட அவசர எண் 1077 சுவரில் பெரிசாக எழுதியிருக்கட்டும்.

இதற்குக் கடன் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஒரு கூட்டத்தில் ஒரு மணி நேரம் போதும். மழை வருமுன் அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்குவோம், தோழியரே!