பினாங்கில் முதல் வீடு, செத்தாபாக்கில் கடைசி வீடு

பினாங்குக்குச் சுற்றுலா வருகிறவர்கள் ஆர்மீனியத் தெருச் சுவரோவியங்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். லிட்டில் இந்தியாவில் சாப்பிடுவார்கள். தண்ணீர்மலை ஏறி முருகனைக் கும்பிடுவார்கள். ஜாலான் பி. ரம்லி என்ற சாலை பெரும்பாலும் அவர்கள் பட்டியலில் இருப்பதில்லை. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தளமாக அறிவித்த பழைய நகரத்தின் எல்லைக்கு வெளியே, சுங்கை பினாங்கு பக்கத்தில் அது இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் அதற்கு வேறு பெயர். இன்று அந்த மண்ணில் பிறந்த கலைஞனின் பெயர்.

அந்தச் சாலையில் தூண்கள் மேல் நிற்கும் மலாய்க் கம்பத்து மரவீடு ஒன்றை மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் சீரமைத்துப் பாதுகாத்து வருகிறது. சுமத்திராவின் அச்சேயிலிருந்து வந்து குடியேறிய தெயுக்கு ஞாக் புத்தே 1926-இல் எழுப்பிய வீடு அது. 1929 மார்ச் 22 அன்று அவருக்குப் பிறந்த மகன் தெயுக்கு சக்காரியா. பின்னாளில் தகப்பன் பெயரிலுள்ள 'புத்தே'யின் முதலெழுத்தை, நம்மவர் தலைப்பெழுத்து போலவே, முன்னால் வைத்துக்கொண்டு பி. ரம்லி ஆனார்.

நடிகர், பாடகர், இசையமைப்பாளர், கதாசிரியர், இயக்குநர் எல்லாம் அவர் ஒருவரே. நடித்தவை 60 படங்களுக்கு மேல், இயக்கியவை 30-க்கு மேல். ஏட்டில் எழுதிப் புத்தகம் போட்ட கவிஞர் அல்லர். மெட்டு அவருடையது என்றால் சொல் பல நேரம் எஸ். சுடார்மாஜி, ஜமில் சூலோங் போன்ற தோழர்களுடையது. ஆனாலும் மலாய் மக்களின் வாயில் ஒரு பாட்டு தலைமுறை தாண்டி நிற்கிறது என்றால், அது பெரும்பாலும் அவர் பாட்டுதான்.

தமிழ்க் காதுக்குப் பழகிய இசை

இந்த வீட்டுக்குப் போகத் தமிழருக்குத் தனியாக ஒரு காரணமும் உண்டு. ஜப்பானியர் காலத்துப் பினாங்கில் வயலின் பழகி, ஊர் இசைக்குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த இளைஞர், 1948-இல் அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு மேடையில் பாடினார். அந்தப் பாட்டைக் கேட்டுச் சிங்கப்பூருக்கு அழைத்தவர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் என்ற இந்திய இயக்குநர். ஷா சகோதரர்கள் ஜாலான் அம்பாஸில் நடத்திய ஸ்டூடியோவில் அன்று படம் இயக்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பின்னணி பாடவும் வில்லனாக நடிக்கவும் சேர்ந்த ரம்லியை 1950-இல் 'பக்தி' படத்தில் கதாநாயகனாக உயர்த்தியவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். அடுத்த ஆண்டே எஸ். ராமநாதன் இயக்கத்தில் 'ஜுவித்தா' வந்தது.

பாட்டுக்கு நடுவே கதை நகர்வதும், கண்ணீருக்குப் பக்கத்திலேயே நகைச்சுவை நிற்பதும் அந்தப் படங்களில் நமக்கு அந்நியமாகத் தெரியாததற்குக் காரணம் இதுதான். ரம்லி அந்த அச்சை வாங்கிக்கொண்டு மலாய்க் கம்பத்து வாழ்க்கையை அதில் ஊற்றினார். 1955-இல் முதன்முதலாக அவரே இயக்கிய 'பெனாரெக் பெச்சா' ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரனின் கதை. 'அனாக்கு சசாலி'யில் தகப்பனும் மகனுமாக இரண்டு வேடம் போட்டு, 1957-இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். 1962-இல் வந்த 'இபு மெர்துவாக்கு' கதையில் சிங்கப்பூர் சாக்ஸபோன் கலைஞன் ஒருவன் காதல் மனைவியோடு குடியேறுவது பினாங்கில்தான். கண் பார்வை போகும்வரை அவன் அழுவதும் இங்கேதான்.

மூன்று ஊர்களின் கணக்கு

ஒரு கலைஞனின் வாழ்க்கையை ஊர்களாகப் பிரித்துப் பார்த்தால் ரம்லிக்கு மூன்று ஊர்: பிறந்தது பினாங்கு, ஓங்கியது சிங்கப்பூர், ஓய்ந்தது கோலாலம்பூர். தமிழர் இதைக் கேட்டவுடன் இன்னொருவரை நினைக்காமல் இருக்க முடியாது. பாரதிக்கு எட்டயபுரம், புதுச்சேரி, திருவல்லிக்கேணி.

இரண்டு கணக்கிலும் நடு ஊர் எல்லைக்கு அப்பால் இருக்கிறது. 1908-இல் ஆங்கிலேய அரசுக்குத் தப்பிப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குப் போன பாரதி, பத்தாண்டு அங்கே இருந்தார். பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு எல்லாம் அந்தப் பத்தாண்டின் விளைச்சல். ரம்லி சிங்கப்பூருக்குப் போனபோது அதுவும் பினாங்கும் ஆங்கிலேயர் ஆட்சியில்தான் இருந்தன. ஆனால் அவர் 1964-இல் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்த மறு ஆண்டே சிங்கப்பூர் தனி நாடானது. அவருடைய பொற்காலம் அயல்நாட்டில் மாட்டிக்கொண்டது.

தலைநகரம் இருவரையும் தாங்கவில்லை. 1918-இல் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதி கடலூரில் கைதானார். விடுதலையாகிக் கடையத்தில் இருந்துவிட்டு, சென்னைக்கு வந்து மறுபடியும் சுதேசமித்திரன் நாளிதழில் வேலைக்குச் சேர்ந்தார். பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது அந்த நாட்களில்தான். அந்தக் காயத்திலிருந்து தேறி எழுந்தவரை வயிற்றுக்கடுப்பு வீழ்த்தியது. 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து துளசிங்கப்பெருமாள் கோயில் தெரு வீட்டில் உயிர் பிரிந்தது. வயது 38. கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டுக்கு உடன் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை.

ரம்லியின் முடிவும் ஏறக்குறைய அப்படித்தான். உலு கிளாங்கில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில் ஜாலான் அம்பாஸின் வசதியும் கைதேர்ந்த ஆட்களும் கிடைக்கவில்லை. பம்பாயிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வண்ணப் படங்கள் வந்து குவிந்தபோது அவர் கறுப்பு வெள்ளையில் எடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. இளைஞர்கள் கித்தார் குழுக்களின் பக்கம் சாய்ந்தார்கள். 1972-இல் வந்த 'லக்சமானா டோ ரே மி' அவருடைய கடைசிப் படம். 1973 மே 29 விடியற்காலையில் மாரடைப்பு. வயது 44. 'தான் ஸ்ரீ' பட்டம் அவரைத் தேடி வந்தது 1990-இல். அப்போது அவர் இறந்து பதினேழு ஆண்டு ஆகியிருந்தது.

கடைசி வீடு கேட்கும் கேள்வி

பிறந்த வீட்டைக் காப்பதில் ஊருக்குச் சங்கடம் ஏதும் இல்லை. எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப எழுத்தாளர் கல்கி தம் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்தார். வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். 1947-இல் ராஜாஜி திறந்து வைத்தார். இங்கிருந்துதான் புறப்பட்டான் என்று சொல்லிக்கொள்ள எந்த ஊருக்கும் ஆசைதான். கடைசி வீடு அப்படி இல்லை. இந்த மனிதர் ஏன் இந்த நிலையில் செத்தார் என்று, உள்ளே நுழைகிறவர் கேட்டுவிடுவார். அதனால்தானோ என்னவோ, பாரதியின் பாட்டு உரிமையை 1949-இல் வாங்கிப் பிறகு மக்களுக்கே பொதுவாக்கிய அரசு, அவர் கண் மூடிய திருவல்லிக்கேணி வீட்டை வாங்கியது 1993-இல்தான். இறந்து 72 ஆண்டு ஆகியிருந்தது.

மலேசியா இதில் முந்திக்கொண்டது. கோலாலம்பூர் செத்தாபாக்கில் ஜாலான் டெடாப் என்னும் தெருவில் ரம்லி கடைசியாக வாழ்ந்த வீட்டை, 1986-இல் அவர் நினைவகமாகத் திறந்தார்கள். இறந்து 13 ஆண்டுதான். அந்தக் குடியிருப்பே இன்று அவர் பெயரில் இருக்கிறது. பினாங்கு வீட்டைப் போலவே இதையும் தேசிய ஆவணக் காப்பகம்தான் நடத்துகிறது.

பதின்மூன்றுக்கும் எழுபத்திரண்டுக்கும் உள்ள இடைவெளி வெறும் எண் அல்ல. பதின்மூன்று ஆண்டில் உடன் நடித்தவர்கள், வாத்தியம் வாசித்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் பலர் உயிரோடு இருப்பார்கள். இந்த நாற்காலி எங்கே கிடந்தது, எந்த நேரத்தில் பாட்டுப் போட உட்காருவார் என்று நேரில் கண்டவர்களைக் கேட்டு எழுதிவைக்கலாம். அப்போதுகூட முழுக்கக் கிடைக்காது. அவர் மனைவியும் பெரும் பாடகியுமான சலோமா 1983-இலேயே போய்விட்டார், திறப்பைப் பார்க்க அவர் இல்லை. எழுபத்திரண்டு ஆண்டில் சாட்சிகள் அநேகமாக யாரும் மிஞ்ச மாட்டார்கள். பாரதியின் மனைவி செல்லம்மாள் 1955-இல் காலமானார். அவரும், பாரதியோடு நேரில் பழகிய யதுகிரி அம்மாளும் வ.ரா.வும் எழுதியும் சொல்லியும் வைத்ததால்தான் பாரதியின் அன்றாடம் நமக்குத் தெரிகிறது. திருவல்லிக்கேணி வீட்டில் படங்களும் நூல்களும் உண்டு. ஆனால் பாரதி வாழ்ந்த வீட்டின் உயிர் சுவர்களைவிட இவர்கள் விட்டுச்சென்ற பதிவுகளில்தான் அதிகம் இருக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்

பினாங்கு வீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால், கம்பத்து மரவீட்டில் பிறந்த பையன் நட்சத்திரமானான் என்ற கதையோடு முடிந்துவிடும். செத்தாபாக்கை மட்டும் பார்த்தால் நொந்துபோன ஒரு கலைஞர்தான் தெரிவார். இரண்டுக்கும் நடுவே சாலை வழியில் சுமார் 350 கிலோமீட்டர். விடுமுறைக்குப் பினாங்கு போகும் கோலாலம்பூர்க் குடும்பங்கள் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். சென்னைக்குப் போகிறவர்கள் மெரினாவில் பாரதி சிலையைப் பார்த்த கையோடு திருவல்லிக்கேணிக்கும் நடந்துவிட்டு வரலாம், பக்கம்தான்.

மலேசியத் தமிழர் இதிலிருந்து தமக்கென எடுத்துக்கொள்ள ஒரு வேலையும் இருக்கிறது. தோட்டத்து லயங்களிலும் பட்டணத்து வரிசை வீடுகளிலும் உட்கார்ந்து கதையும் கவிதையும் எழுதிய தமிழர் இந்த நாட்டில் ஏராளம். அந்த வீடுகளை வாங்க அரசோ சங்கமோ என்றைக்கு முன்வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் எந்த லயத்தில், எந்தக் கதவு எண்ணில், யாரோடு இருந்தார்கள் என்று கேட்டு எழுதிவைக்கப் பணம் தேவையில்லை. இடைநிலைப்பள்ளித் தமிழ் மாணவர்களிடம் கொடுத்தால் ஒரு பள்ளி விடுமுறையில் முடித்துவிடுவார்கள். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கும்போதே தொடங்குவது நல்லது.