யாழ் நகர மையத்துக்குள் கார் வேண்டுமா?

அரியாலையில் இருந்து நகருக்குப் புறப்பட்டால், மாம்பழம் சந்தியில் இருந்து கச்சேரி வரை ஏ-9 வீதியில் அவ்வளவு சிரமமில்லை. ஆஸ்பத்திரி வீதிக்குள் நுழைந்ததும் ஊர்ந்துதான் போக வேண்டும். போதனா வைத்தியசாலை, மத்திய பஸ் நிலையம், நவீன சந்தை, வங்கிகள், கஸ்தூரியார் வீதி நகைக்கடைகள் என எல்லாமே கால்நடையாகச் சுற்றிவரக்கூடிய ஒரு சின்ன வட்டாரத்துக்குள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. வடக்கு மாகாணத்தின் ஒரே போதனா வைத்தியசாலைக்கு முல்லைத்தீவில் இருந்தும் மன்னாரில் இருந்தும் நோயாளரைக் கொண்டுவரும் அம்புலன்ஸ், கடைசி இருநூறு மீற்றரில் ஒரு வானுக்கும் இரண்டு ஓட்டோவுக்கும் பின்னால் சைரன் அடித்துக்கொண்டு நிற்கிறது. நகர மையத்துக்குள் காரை விடலாமா என்ற கேள்வியை இந்த இடத்தில் நின்றுதான் கேட்க வேண்டும்.

கேள்விக்கு இப்போது அவசரமும் சேர்ந்திருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. புதிய கார்கள் வரத் தொடங்கிவிட்டன. வீதிகளின் அகலம் அப்படியேதான் இருக்கிறது.

வாகனத்தை வெளியே நிறுத்திவிட்டு நடப்பது நமக்குப் புதிதல்ல. ஆண்டுதோறும் நல்லூர்க் கந்தன் கொடியேறியதும் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் தடுப்புப் போடுவார்கள். பருத்தித்துறை வீதியால் வருகிற வாகனங்கள் சுற்றுப்பாதைக்குத் திருப்பிவிடப்படும். வெளிவீதியில் மணல் பரப்பி, அங்கப்பிரதட்சணம் செய்பவர்களின் உடல் சுடாமல் தண்ணீர் தெளிப்பார்கள். அக்கம்பக்கத்து வளவுகள் சைக்கிள், மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு நிலையங்களாக மாறிவிடும். திருவிழாவின் இருபத்தைந்து நாளும் இந்த ஒழுங்கு நடக்கிறது. தேர் அன்று எவ்வளவு சனம் திரண்டாலும் நடந்துதான் போகிறது. கச்சான் கடைக்காரரோ ஐஸ்கிறீம் கடைக்காரரோ வியாபாரம் படுத்துவிட்டதாக முறையிட்டதை நான் கேட்டதில்லை. மாநகர சபைக்கும் பொலிஸாருக்கும் இந்த வேலை கைவந்த கலை.

நகருக்கு அதை அப்படியே எடுத்துப்போட முடியாது என்பதும் உண்மை. ஆஸ்பத்திரி வீதியை மூடவே கூடாது. அதை அம்புலன்சுக்கும் பஸ்சுக்கும் முதலிடம் கொடுக்கும் வீதியாக்க வேண்டும். வீதிகளின் அதிகாரமும் ஒரே கையில் இல்லை. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. உள்வீதிகளில்தான் மாநகர சபை தானே முடிவெடுக்கலாம். இன்னொன்று, காரை மட்டும் தடுத்துப் பயனில்லை. இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். கஸ்தூரியார் வீதியின் இரு ஓரத்திலும் வரிசையாகச் சரிந்து நிற்பவை அவைதான். நடக்கிறவர் அவற்றுக்கு வெளியே, ஓடும் வாகனங்களோடு உரசிக்கொண்டு நடக்கிறார். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளைக்கு அங்கே ஓரம் என்று ஒன்று இல்லை.

வெளியூர் அனுபவங்களில் நமக்கு மிகவும் பொருந்துவது ஸ்பெயினின் பொன்தெவேத்ரா. அங்கேயும் சனத்தொகை எண்பதாயிரத்துச் சொச்சம். 2012 கணக்கெடுப்பில் யாழ் மாநகரின் தொகை ஏறக்குறைய 88,000. 1999இல் மேயரான மிகேல் அன்சோ பெர்னாண்டஸ் லோரெஸ் என்ற மருத்துவர் பழைய நகரில் இருந்து தொடங்கி, மையத்தைக் கடந்துபோகும் வாகனங்களை வெளியேற்றினார். நகர விளிம்பில் இலவசத் தரிப்பிடங்கள் அமைத்து, அங்கிருந்து எங்கே போக எத்தனை நிமிட நடை என்று காட்டும் வரைபடமும் வெளியிட்டார்கள். சரக்கு இறக்குபவருக்கும் அங்கே குடியிருப்பவருக்கும் வழி விட்டார்கள். டெல்லியின் சாந்தினி சவுக்கில் 2021 முதல் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வாகனங்களுக்குத் தடை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலை வாகனங்களுக்கு மாலையில் மூடப்பட்டு மறுநாள் காலையில் திறக்கப்படுகிறது. நேரத்தைப் பிரித்துக்கொண்டால் ஒரே வீதி நடப்பவருக்கும் வாகனக்காரருக்கும் உதவும்.

வியாபாரிகளின் அச்சத்தை நான் லேசாக எடுக்கவில்லை. கிளிநொச்சியில் இருந்து ஒரு குடும்பம் வான் பிடித்துக் கூறைச்சேலை எடுக்கவும் தாலிக்கொடி செய்யவும் வருகிறது. அம்மம்மாவும் கூட வருவார். மத்தியான வெயிலில் அவரை எவ்வளவு தூரம் நடக்கவிடலாம்? நிழலும் உட்கார இடமும் தரிப்பிடமும் முதலில் வர வேண்டும். தடுப்புக் கம்பி அதற்குப் பிறகுதான்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையை மறந்துவிட்டும் இதைப் பேச முடியாது. தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத குடாநாடு சைக்கிளில் ஓடியது. சூப்பிப் போத்தலால் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினார்கள். நோயாளரைச் சைக்கிளில் வைத்து உழக்கிக் கொண்டுபோனார்கள். அப்படி வாழ்ந்தவர்களிடம் போய்க் காரில்லா நகரின் இனிமையைப் பேசினால் எரிச்சல் வருவது நியாயம். அன்றைய நிலை பிறர் சுமத்தியது. இனி காரில்லா ஏற்பாடு ஒன்று வருவதானால் அது அவர்களைக் கேட்டு, அவர்கள் வசதிக்கு அமைந்ததாக இருக்க வேண்டும்.

என் கருத்து இதுதான்: கஸ்தூரியார் வீதியின் கடைப்பகுதியையும் நவீன சந்தையை ஒட்டிய உள்வீதிகளையும் தீபாவளி, பொங்கல் காலங்களின் மாலை வேளைகளில் முதலில் மூடிப் பார்க்கலாம். சரக்கு இறக்குவது காலையில் முடியட்டும். மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கு எந்நேரமும் வழி இருக்கட்டும். 2021இல் திறக்கப்பட்ட நெடுந்தூர பஸ் நிலையத்தை இ.போ.ச.வும் தனியாரும் சேர்ந்து பயன்படுத்தினால் மத்திய பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள நெரிசலும் குறையும். அதைச் சேர்ந்து பயன்படுத்துவதில் இரு தரப்புக்கும் உள்ள இழுபறி தீராமல் கார்க்காரரை மட்டும் விரட்டுவது நீதியல்ல.

அரியாலைக்காரருக்கு இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. காரையும் மோட்டார் சைக்கிளையும் வீட்டில் விட்டுப் போகச் சொன்னால், காலையில் சாவகச்சேரியில் இருந்து நிரம்பி வருகிற பஸ் மாம்பழம் சந்தியில் நின்று ஏற்றுமா? இரவு கடை மூடியபின் திரும்பிவர பஸ் இருக்குமா? நகருக்கும் அரியாலைக்கும் இடையே இரவு ஒன்பது மணிவரை ஓடும் ஒரு சிறிய பஸ் சேவைக்கு முதலில் அனுமதிப்பத்திரம் கொடுக்கட்டும்.