இடைமுக வடிவமைப்பின் அடிப்படைகள்: கேரள எல்லைத் தமிழர் மொழிநிலையை முன்வைத்து

1. முன்னுரை

ஒரு கருவிக்கும் அதனைக் கையாளும் மனிதருக்கும் இடையே செய்தி பரிமாறப்படும் தளம் இடைமுகம் எனப்படுகின்றது. வானொலியின் திருகு, விண்ணப்பப் படிவத்தின் கட்டம், கைப்பேசித் திரையின் பொத்தான் ஆகிய யாவும் இடைமுகத்தின் பாற்படும். ஒருவர் ஒரு பணியை முடிக்க முனைவது முதல் அது முடியும் வரை, அல்லது முடியாமற் போகும் வரை, அவர் பெறும் முழுமையான பட்டறிவு பயனர் அனுபவம் ஆகும். முன்னது பகுதி, பின்னது முழுமை. படிவம் அழகாக அச்சிடப்பட்டிருந்தும் அதனைக் கொடுக்கச் சென்றவர் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டால், இடைமுகம் நன்று, அனுபவம் தீது எனலாம்.

இவ்வாய்வு பொறியியலார்க்கே உரியது என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. ஆயினும் திரையிலும் படிவத்திலும் பயனரை வழிநடத்துவன பெரும்பாலும் சொற்களே. இடைமுகத்தில் சொல் என்பது வெறும் குறிப்பன்று. அது செயற்படும் ஓர் உறுப்பு. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழரின் மொழிநிலையை முன்வைத்து இக்கருத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கோட்பாட்டு அடிப்படை

ஒரு பொருளின் தோற்றமும் அமைப்பும் உயிரிக்கு அளிக்கும் செயல்வாய்ப்பினைப் பற்றிய கருத்தை உளவியலறிஞர் ஜேம்ஸ் கிப்சன் உருவாக்கினார். டொனால்டு நார்மன் 1988-இல் வெளிவந்த தம் நூலில் அதனை அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பிற்குப் பொருத்திக் காட்டினார். பயனர் அனுபவம் என்னும் தொடர் பரவியதும் 1990களில் அவர் ஆப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய காலத்திலேயாகும். யாக்கோப் நீல்சன் 1994-இல் இடைமுகங்களை மதிப்பிடப் பத்து நெறிகளைத் தொகுத்தார். பன்னாட்டுத் தர அமைப்பு 1998-இல் வெளியிட்ட வரையறை, பயன்படுதன்மையை நோக்கம் நிறைவேறல், குறைந்த முயற்சி, மனநிறைவு என்னும் மூன்றால் அளக்கின்றது. அவ்வளவீடு குறிப்பிட்ட பயனர், குறிப்பிட்ட நோக்கம், குறிப்பிட்ட சூழல் ஆகியவற்றிற்கே பொருந்தும் என்றும் அது வரையறுக்கின்றது.

இவற்றின் சாரத்தை நான்காகச் சுருக்கலாம். என்ன செய்யலாம் என்பது பார்த்த அளவிலேயே புலப்பட வேண்டும். செய்த செயலுக்கு உடனே மறுமொழி கிடைக்க வேண்டும். ஒரே குறி எங்கும் ஒரே பொருளைத் தர வேண்டும். பிழை நேராவண்ணம் தடுக்கப்படல் வேண்டும். நேர்ந்தால் திருத்த வழியிருத்தல் வேண்டும்.

3. மின்னணு வாக்குப்பதிவு எந்திரம்

மேற்கூறிய நெறிகளுக்கு இந்தியாவில் அனைவரும் அறிந்த சான்று மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் ஆகும். இது முதன்முதலாக 1982 மே மாதத்தில் கேரளத்தின் பரவூர்ச் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் பயன்படுத்தப்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என 1984-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 1988-இல் சட்டம் திருத்தப்பட்டது.

வாக்களிக்கும் பெட்டியில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெயர், ஒரு சின்னம், ஒரு நீலப் பொத்தான், ஒரு சிறு விளக்கு ஆகியவை ஒரே வரிசையில் அமைந்துள்ளன. அலுவலர் வாக்களிக்க இசைவளித்ததும் பச்சை விளக்கு எரிகின்றது. பொத்தானை அழுத்தியதும் உரிய வரிசையில் சிவப்பு விளக்கு எரிகின்றது, ஒலி எழுகின்றது. பின்னாளில் இணைக்கப்பட்ட ஒப்புகைச் சீட்டுக் கருவியில் சின்னம் பொறித்த தாள் 7 நொடி கண்ணுக்குத் தெரிகின்றது. புலப்பாடு, மறுமொழி, ஒருமைப்பாடு ஆகிய மூன்றும் இங்கு நிறைவு பெறுகின்றன.

பெயரைப் படிக்க இயலாதவரும் சின்னத்தால் தம் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்கின்றனர். சொல்லைச் சார்ந்திராமையே இவ்வெந்திரத்தின் வலிமையாகும். பிற அரசுப் பணிகளிலோ சொல்லைத் தவிர்க்க இயலாது. சிக்கல் அங்குத் தொடங்குகின்றது.

4. எல்லைப் பகுதியின் மொழிநிலை

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழிச் சீரமைக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. மூணாறு, மறையூர், வட்டவடை, வண்டிப்பெரியாறு முதலிய இடங்களிலும், பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களிலும் தமிழர் செறிந்து வாழ்கின்றனர். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதவும் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் வகை செய்தது.

இச்சட்டம் மடலையும் அதற்குரிய மறுமொழியையும் மனத்திற்கொண்டது. இன்று மடலின் இடத்தைத் திரைப் படிவம் பிடித்துள்ளது. 2002-இல் தொடங்கப்பட்ட அட்சயா மையங்கள் வழியாகவே பலர் விண்ணப்பிக்கின்றனர். இங்குப் பயனர் ஒருவரல்லர், இருவர். திரையைப் பார்ப்பவர் மையப் பணியாளர். விளைவை ஏற்பவர் எதிரே அமர்ந்திருப்பவர். திரையிலுள்ள மலையாளச் சொல் வாய்மொழியாகவே விண்ணப்பதாரரை அடைகின்றது. எனவே வடிவமைப்பாளர் கண்ணுக்கு மட்டுமன்றிக் காதுக்கும் எழுத வேண்டியவராகின்றார்.

5. உறவுமொழி மயக்கம்

அறியாத மொழியைக் கேட்பவர் தமக்குப் புரியவில்லை என்பதை உணர்வார், வினவுவார். உறவுமொழியைக் கேட்பவரோ புரிந்துவிட்டதாகக் கருதி மேற்செல்வார். பிழை நேர்ந்ததற்கான அறிகுறியே தோன்றாது. இடைமுக நோக்கில் உறவுமொழி அயன்மொழியினும் இடர் மிக்கதாவது இதனாலேயே.

மலையாளத்தில் 'துறக்குக' என்பது திறக்க என்னும் பொருளது. தமிழில் துறத்தல் கைவிடுதலாகும். 'அமர்த்துக' என்பது மலையாளத்தில் அழுத்துக என்று பொருள்படும்; தமிழில் அமர்த்துதல் பணியில் நியமித்தலையும் தணித்தலையும் குறிக்கும். 'சூட்சிக்குக' என்பது பேணி வைத்தலையும் விழிப்பாயிருத்தலையும் ஒருங்கே குறிக்கும். தமிழ்ச் செவிக்கு அது சூழ்ச்சியை நினைவூட்டும்.

ஏவல் வடிவமும் கருதத் தக்கது. மலையாளத்தின் '-உக' ஈறு மரியாதை வேறுபாடு காட்டாது யாவர்க்கும் பொதுவாக நிற்கின்றது. தமிழில் 'சேமி' என்பது ஒருமை ஏவல், 'சேமியுங்கள்' மரியாதைப் பன்மை, 'சேமிக்கவும்' அலுவலக வழக்கு, 'சேமிக்க' வியங்கோள். பொத்தானில் 'சேமி' என இருப்பின் கட்டளையிடுபவர் யார், கட்டளை பெறுபவர் யார் என்னும் வினா எழும். பயனர் கருவிக்கு இடும் கட்டளை எனக் கொண்டால் 'சேமி' பொருந்தும். அரசு பயனருக்குக் கூறும் அறிவுரையாயின் 'சேமிக்கவும்' பொருந்தும். இரண்டனையும் ஒரே திரையில் கலந்து எழுதுவது ஒருமைப்பாட்டு நெறியை மீறுவதாகும்.

6. பெயர்க் கட்டம்

'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என இரு கட்டங்கள் கொண்ட படிவம், தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழர் மரபிற்குப் பொருந்துவதில்லை. இரண்டாம் கட்டம் கட்டாயமாயின் தந்தையின் பெயர் அங்கு இடம்பெறும். அப்போது தந்தைக்கும் அவர்தம் மக்களுக்கும் வெவ்வேறு 'குடும்பப் பெயர்' அமையும்.

எழுத்துப்பெயர்ப்பும் இதனோடு சேர்கின்றது. றகர இரட்டிப்பைத் தமிழ்நாட்டு ஆங்கில வழக்கு 'ட்ர' ஒலிக்குரிய எழுத்துகளாலும், கேரள ஆங்கில வழக்கு இரட்டை டகரத்திற்குரிய எழுத்துகளாலும் குறிக்கின்றன. ஆங்கிலத்தில் கேரள முறைப்படி எழுதப்பட்ட 'வெற்றிவேல்' மீண்டும் தமிழுக்கு வரும்போது 'வெட்டிவேல்' ஆகிவிடக்கூடும். ஓர் ஆவணத்தில் ஒரு வடிவமும் மற்றொன்றில் வேறு வடிவமும் இருந்தால், கணிப்பொறி இருவரைக் காணும். உரியவர்க்குச் சேர வேண்டிய உதவி தடைப்படும். பெயரை ஒரே கட்டத்தில் பெறுதலும், உரியவர் எழுதும் எழுத்து வடிவத்தை மூலமாகப் போற்றுதலும் இதற்குத் தீர்வாகும்.

7. எச்சரிக்கை ஓர் இடைமுகம்

உயிர்காக்கும் செய்தியில் இம்மயக்கங்கள் மிகுந்த பொருள் பெறுகின்றன. மலையாளத்தில் 'முன்னறியிப்பு' எச்சரிக்கையைக் குறிக்கும்; தமிழில் முன்னறிவிப்பு என்பது முன்கூட்டித் தெரிவித்தல் மட்டுமே. மலையாள 'வெள்ளம்' தண்ணீர். தமிழ் வெள்ளம் பெருக்கு. நிலச்சரிவைக் குறிக்கும் 'உருள்பொட்டல்' என்னும் மலையாளச் சொல்லில் 'பொட்டல்' வெடித்தலாகும். தமிழருக்கோ அது வறண்ட வெளி. இங்கு முதற்சொல் இடரைத் தணித்துக் காட்டுகின்றது, இரண்டாவது மிகுத்துக் காட்டுகின்றது, மூன்றாவது மறைத்துவிடுகின்றது.

சொல்லுக்கு மாற்றாக நிறம் கொள்ளப்படுகின்றது. வானிலைத் துறையின் முறையில் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரையிலான மழைக்கு மஞ்சளும், 115.6 முதல் 204.4 மி.மீ. வரை ஆரஞ்சும், அதற்கு மேல் சிவப்பும் வழங்குகின்றன. 2018-இல் இடுக்கி நீர்த்தேக்கத்தின் மட்டத்திற்கும் இந்நிறப்பெயர்கள் ஆளப்பட்டன. 2395 அடிக்கு ஆரஞ்சு, 2399 அடிக்குச் சிவப்பு என அறிவிக்கப்பட்டது. இங்கு ஒரே குறி இரு பொருள் தருகின்றது. 'ஆரஞ்சு எச்சரிக்கை' என்று மட்டும் கேட்பவர், மலைச்சரிவை அஞ்ச வேண்டுமா, ஆற்றங்கரையை விட்டு அகல வேண்டுமா என்பதை அறியார். நிறத்தோடு காரணமும் இடமும் செய்ய வேண்டியதும் கூறப்படுதல் இன்றியமையாதது.

2020 ஆகஸ்டு 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில் 70 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றிருந்தமையால் நிகழ்ச்சி மறுநாட் காலையிலேயே வெளியே தெரிந்தது. அவ்விழப்பிற்கு மொழியைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. எனினும் எச்சரிக்கை எத்தகைய மக்களுக்காக, எத்தகைய சூழலுக்காக எழுதப்படுகின்றது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. கைப்பேசி செயலற்ற இரவில் ஒருவர் மற்றொருவருக்கு வாயாற் சொல்லக்கூடிய அளவு சுருக்கமும் தெளிவும் உடைய தொடரே அங்குப் பயன்படும்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர் பின்பற்றத்தக்க சில நெறிகள் பெறப்படுகின்றன. சொல்லை மட்டும் நோக்காது, அச்சொல் பயனரைச் செய்யத் தூண்டும் செயலை மொழிபெயர்க்க வேண்டும். தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவாய்ப் பொருள் வேறுபடும் சொற்களின் பட்டியல் முதலில் ஆயத்தமாக வேண்டும். திரை முற்றுப்பெற்ற பின்னர் அன்றி, அது வரையப்படும்போதே மொழிபெயர்ப்பாளர் பங்குபெற வேண்டும். கட்டங்களின் எண்ணிக்கை முடிவான பின் சொல்லை மாற்றுவதால் பெயர்ச் சிக்கல் தீராது. இறுதியாக, தொடரைப் படித்துக் காட்டி, 'புரிந்ததா' என வினவுதல் போதாது. உறவுமொழிச் சூழலில் அவ்வினாவிற்கு 'ஆம்' என்னும் விடை எளிதிற் கிடைத்துவிடும். 'இப்போது என்ன செய்வீர்கள்' என வினவி, அவர் செய்வதைக் காண வேண்டும். மொழிபெயர்ப்பின் தரத்தை அச்செயலே காட்டும்.