ஏற்றம் எளிது, இறக்கம்தான் கடினம்

அணைக்கட்டில் மீனுக்கு வழிவிடுவது என்றதும் பலருக்கும் நினைவு வருவது மீன் ஏணி. அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றின் குறுக்கே, போர்ட்லாண்ட் நகருக்குக் கிழக்கே சுமார் 64 கிலோமீட்டர் தொலைவில் பான்வில் நீர்மின் அணை இருக்கிறது. 1938-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையில் ஏணியை நேரிலேயே பார்க்கலாம். படிப்படியாக உயர்ந்துகொண்டே போகும் கான்கிரீட் தொட்டிகள். ஒரு தொட்டியிலிருந்து கீழ்த்தொட்டிக்குத் தண்ணீர் கொஞ்ச உயரமே விழுகிறது. சால்மன் மீன் அதைத் தாவிக் கடக்கிறது; இல்லாவிட்டால் தடுப்புச் சுவரின் அடியிலுள்ள துளை வழியே நுழைந்து அடுத்த தொட்டிக்குப் போகிறது.

இவ்வளவு பெரிய ஆற்றில் ஏணியின் வாயை மீன் எப்படிக் கண்டுபிடிக்கும்? வாயிலருகே வேண்டுமென்றே கூடுதல் நீரை வேகமாக விடுகிறார்கள். எதிர்நீச்சல் சால்மனின் பிறவிக்குணம் என்பதால் நீரின் இழுப்பு தெரிந்த பக்கம் அது திரும்பிவிடும். ஏணியில் ஓரிடத்தில் கண்ணாடிச் சன்னல் வைத்து, கடந்துபோகும் மீன்களை இனவாரியாக எண்ணுகிறார்கள்.

இந்த ஏணியும் இல்லாத அணைகள் உண்டு. அதே ஆற்றின் மேற்பகுதியில் உள்ள கிராண்ட் கூலி அணையின் உயரம் 168 மீட்டர். அதில் மீனுக்கு வழியே வைக்கவில்லை. அணையின் நீர்த்தேக்கம் கெட்டில் அருவியை மூழ்கடிக்கும் முன், காலங்காலமாக அங்கே சால்மன் பிடித்துவந்த பழங்குடி மக்கள் 1940 ஜூனில் கூடி அழுது அந்த அருவிக்கு விடைகொடுத்தார்கள்.

ஆனால் ஏணி தீர்ப்பது பாதிச் சிக்கலைத்தான். அதுவும் எளிதான பாதியை. சால்மன் பிறப்பது ஆற்றின் தலைப்பக்கம், கூழாங்கல் படுகையில். வளர்வது கடலில். முட்டையிடுவதற்குப் பிறந்த ஓடையின் மணத்தைத் தேடித் திரும்பி வருகிறது. ஆகவே மேலே ஏறுவது முழு வளர்ச்சியும் வலுவும் பெற்ற மீன். கீழே இறங்குவதோ விரல் நீளக் குஞ்சு. அது நீரோட்டத்தின் போக்கிலேயே கடலுக்குப் போகிறது. மின்நிலையத்தில் நீரோட்டத்தின் பெரும்பங்கு போய்ச் சேருமிடம் டர்பைன்.

டர்பைன் இலை அடித்துக் குஞ்சுகள் சாகும் என்பதை யாரும் ஊகிக்கலாம். அழுத்த மாற்றம் அவ்வளவு எளிதில் கண்ணுக்குப் படாது. இலைக்கு முன்னால் நீரின் அழுத்தம் மிக அதிகம். இலையைத் தாண்டிய கணமே சட்டென்று விழுந்துவிடும். குஞ்சின் உடலிலுள்ள காற்றுப்பை அந்த வேகத்தில் விரிந்து கிழிந்துபோகலாம். தப்பிப் பிழைத்தவையும் மயங்கித் தடுமாறி வெளியே வரும்போது, கடற்புறாக்களும் பைக்மின்னோ என்ற இரைகொல்லி மீனும் காத்திருக்கின்றன. பெரிய பைக்மின்னோவைப் பிடித்துத் தருபவர்களுக்கு 1990-களின் தொடக்கத்திலிருந்து பரிசுப்பணமே கொடுத்து வருகிறார்கள்.

டர்பைன் வாயில் சாய்வான வலைத்தட்டி வைத்து, குஞ்சுகளை மேலே திருப்பித் தனிக் கால்வாயில் விடுவது ஒரு வழி. படகிலும் லாரியிலும் ஏற்றி அணைகளைத் தாண்டிக் கொண்டுபோய் விடுவதும் நடக்கிறது. மின்சாரத்தை இழந்தாலும் பரவாயில்லை என்று மதகைத் திறந்து விடுவது மற்றொரு வழி. அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. உயரத்திலிருந்து ஆழக் குட்டையில் விழும் நீர் காற்றையும் இழுத்துக்கொண்டு போய் அழுத்தத்தில் கரைத்துவிடுகிறது. சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குவதுபோல, அந்தக் காற்று மீனின் இரத்தத்திலும் செவுளிலும் குமிழிடுகிறது. மதகின் அடியில் கான்கிரீட் உதடு ஒன்றைக் கட்டி, நீரை ஆழத்துக்குப் போகவிடாமல் மேற்பரப்பிலேயே பாயச் செய்து இதைக் குறைத்தார்கள்.

எனக்குப் பிடித்த ஏற்பாடு, கொலம்பியாவில் வந்து கலக்கும் ஸ்னேக் ஆற்றின் லோயர் கிரானைட் அணையில் 2001-ல் வந்தது. குஞ்சுகள் மேல்மட்ட நீரில்தான் பயணிக்கும். பழைய மதகுகளோ சுமார் 15 மீட்டர் ஆழத்தில் திறக்கும். அவ்வளவு ஆழத்துக்கு இறங்கத் தயங்கிக் குஞ்சுகள் அணையின் முன்னே சுற்றிக்கொண்டிருந்தன. மதகின் முன் இரும்புத் தடுப்பு ஒன்றை நிறுத்தி, மேல்மட்ட நீர் மட்டும் வழிந்தோட வழி செய்தார்கள். குறைந்த நீரில் நிறைய மீன் கடந்தது. மீனை அதன் வழக்கத்துக்கு மாறாகத் தள்ளாமல், அந்த வழக்கத்துக்கு ஏற்ப அணையை மாற்றிய வேலை இது.

இத்தனைக்கும் பிறகு கணக்கு எங்கே நிற்கிறது? வசந்த காலத்தில் இறங்கும் குஞ்சுகளில் 96 சதவீதம் ஒவ்வோர் அணையையும் உயிரோடு தாண்ட வேண்டும் என்பது இந்த இரு ஆறுகளின் அணைகளுக்கு வைத்த இலக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐடஹோ மாநிலத்திலிருந்து இவ்விரு ஆறுகள் வழியே கடலுக்குப் போகும் குஞ்சு 8 அணைகளைத் தாண்டியாக வேண்டும். 96 சதவீதத்தை எட்டு முறை பெருக்கினால், புறப்பட்ட நூற்றில் மிஞ்சுவது சுமார் 72. அணைகளுக்கு இடையே தேங்கிய நீரில் மெதுவாக நகரும்போது இரையாகிறவை இந்தக் கணக்கில் இல்லை.

அதனால்தான் ஸ்னேக் ஆற்றின் கீழ்ப்பகுதியில் 1960, 70-களில் எழுந்த 4 அணைகளை உடைக்க வேண்டும் என்று பழங்குடியினரும் மீன் ஆய்வாளர்கள் பலரும் கேட்கிறார்கள். மின்சாரமும் படகுப் போக்குவரத்தும் போய்விடும் என்பது எதிர்த்தரப்பு வாதம். என்னைக் கேட்டால், ஒற்றை அணை நிற்கும் ஆற்றில் மேலே சொன்ன கருவிகள் நன்றாகவே பயன்படும். எட்டு அணைகளை அடுக்கிய ஆற்றுக்கு அவை போதாது.