காவல் நிலையக் கதையும் 18 ஆண்டு வழக்கும்: நிலைமாறுகால நீதியைச் செய்தியாளருக்குக் கற்பித்தல்

2003 ஜூலை 8 அன்று, விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், முருகேசன், கண்ணகி என்ற இளம் இணையர் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். முருகேசன் தலித், பொறியியல் பட்டதாரி. கண்ணகி வன்னியர் சமூகத்தைச் சேர்ந்தவர். இருவரும் அவ்வாண்டு மே 5 அன்று கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டிருந்தனர். கொலை நடந்து ஒன்பது நாள் கழித்து, செய்தி வெளியே கசிந்த பின்னரே, முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று. அதன்பின் காவல்துறை முன்வைத்த கதையின்படி, கண்ணகியை அவர் தரப்பினரும் முருகேசனை அவர் தரப்பினரும் கொன்றிருந்தனர். இரு தரப்பிலும் நால்வர் நால்வராகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். மகனைப் பறிகொடுத்தவர்களின் பக்கமே கொலைக் குற்றம் திருப்பிவிடப்பட்டது.

2004இல் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் ஒப்படைத்தது. 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. அவர்களில் இருவர், சம்பவத்தின்போது விருத்தாசலம் காவல் நிலையத்தில் பணியாற்றிய அதிகாரிகள். 2022இல் உயர்நீதிமன்றம் தண்டனைகளில் சில மாற்றங்களைச் செய்து இருவரை விடுவித்தது. அவ்விரு அதிகாரிகள் மீதான குற்றத் தீர்ப்பு நிலைத்தது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்து, முருகேசன் குடும்பத்திற்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தமிழக அரசுக்கு ஆணையிட்டது.

ஊடக மாணவர்கள் இத்தீர்ப்புகளைச் சாதிக்கு எதிரான தீர்ப்புகளாக வாசிப்பது சரியே. ஆனால் அவர்களுடைய தொழிலுக்கென்று இதில் தனியாக ஒரு பாடம் உண்டு. காவல் நிலையம் தந்த முதல் கதையே புனையப்பட்டது என்பதை நாட்டின் உச்சநீதிமன்றம் வரை ஏற்றிருக்கிறது. 'போலீசார் தரப்பில் கூறப்படுவதாவது' என்று தொடங்கி அந்தக் கதையை அப்படியே அச்சிடும் செய்தி, தான் அறியாமலேயே பொய்ச் சாட்சியத்தின் பிரதியாகிவிடுகிறது. வன்முறைக்குப் பிந்தைய நீதியைப் பற்றி எழுதக் கற்பிப்பவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

'நிலைமாறுகால நீதி' என்னும் சொல் நமக்குப் பெரும்பாலும் ஈழத்திலிருந்து வந்தது. 2015இல் ஐநா மனித உரிமைகள் பேரவைத் தீர்மானத்தை இலங்கை அரசு ஏற்றபின், வடக்கு, கிழக்குத் தமிழ் ஏடுகளில் அது அன்றாடச் சொல்லாயிற்று. போரிலிருந்தோ கொடுங்கோலாட்சியிலிருந்தோ வெளியேறும் சமூகம், நடந்ததற்கு எவ்வாறு கணக்குத் தீர்ப்பது என்பதே அதன் பொருள். உண்மையை அறிதல், குற்றம் புரிந்தோரைத் தண்டித்தல், இழப்பீடு, மீண்டும் நிகழாதிருக்க உறுதி என நான்கு கடமைகளை அது அரசின்மேல் சுமத்துகிறது.

சாதி வன்முறைக்கு இது பொருந்துமா? போருக்கு ஒரு முடிவு நாள் இருக்கிறது. சேரிக்கும் ஊருக்கும் இடையிலான கோட்டுக்கு அப்படி ஒரு நாள் இன்னும் வரவில்லை. நிலை மாறாத இடத்தில் நிலைமாறுகாலம் ஏது என்று கேட்கும் தோழர்களின் ஐயம் நியாயமானது. இச்சொல்லை முழுவதுமாக இங்கே இறக்குமதி செய்ய வேண்டும் என்று நானும் கருதவில்லை. ஆனால் அந்த நான்கு கடமைகளும் செய்தியாளர் கையில் நான்கு கேள்விகளாகின்றன. நம் ஏடுகள் வழக்கமாக இரண்டாவதை மட்டும், அதுவும் கைது நாளிலும் தீர்ப்பு நாளிலும் மட்டும் கேட்கின்றன. இடைப்பட்ட 18 ஆண்டுகள் செய்தியாவதில்லை. சாட்சிகள் பிறழ்வதும், குடும்பங்கள் ஊரைவிட்டுப் போவதும், 'எதிர் வழக்கு' என்ற ஆயுதம் பாய்வதும் அந்த ஆண்டுகளில்தான்.

எதிர் வழக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தலித் ஒருவர் வன்கொடுமைப் புகார் கொடுத்த சில மணி நேரத்தில் அவர்மீதும் ஒரு புகார் பதிவாகும். மறுநாள் செய்தியின் தலைப்பு 'இரு பிரிவினரிடையே மோதல்' என்று வரும். தாக்கியவரும் தாக்கப்பட்டவரும் அந்தத் தலைப்பில் சமமாகிவிடுகின்றனர். முருகேசன் வழக்கில் நான்குக்கு நான்கு என்று போடப்பட்ட கணக்கும் இந்தத் தராசில் நிறுத்ததே. பயிற்சி வகுப்புகளில் இரண்டு முதல் தகவல் அறிக்கைகளையும் அருகருகே வைத்து, பதிவான நேரம், காயச் சான்றிதழ், சட்டப் பிரிவுகள் ஆகியவற்றை ஒப்பிடச் சொல்வேன். அரை மணி நேரத்தில் மாணவர்களே தலைப்பை மாற்றிவிடுவார்கள்.

அடுத்தது அமைதிப் பேச்சுவார்த்தை. வட்டாட்சியரோ கோட்டாட்சியரோ இரு தரப்பையும் அமரவைத்து எடுக்கும் ஒரு படம், ஒரு கையொப்பம். 'சுமுகத் தீர்வு' என்று செய்தி. உண்மை வெளிவருமுன் திணிக்கப்படும் நல்லிணக்கம் பாதிக்கப்பட்டவர் மேலான இன்னோர் அழுத்தமே. அந்தக் கூட்டத்திற்குச் செல்லும் நிருபர் கேட்க வேண்டியது: வழக்கைத் திரும்பப் பெறும்படி யாரேனும் சொன்னார்களா? பொதுப்பாதை, குடிநீர், வேலை ஆகியவற்றில் புறக்கணிப்பு நின்றதா?

தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1997 செப்டம்பரில் ஊடகங்களையே விசாரணைக்கு அழைத்தது. நிறவெறி ஆட்சியில் செய்தி அறைகள் எப்படி நடந்துகொண்டன என்று கறுப்பினச் செய்தியாளர்கள் சாட்சியம் அளித்தனர். பெரிய ஆப்பிரிக்கான்ஸ் பத்திரிகைக் குழுமம் அறிக்கை தர மறுத்தபோது, அதில் பணியாற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட செய்தியாளர்கள் தனித்தனியே தங்கள் பொறுப்பை ஒப்புக்கொண்டனர். தாமிரபரணிக்கும் பரமக்குடிக்கும் நம்மிடம் அமைக்கப்பட்ட ஆணையங்களோ, காவல்துறை பலப்பிரயோகம் தேவையாக இருந்ததா என்பதையே சுற்றிவந்தன. செய்தி அறையின் சாதியை யார் விசாரிப்பது? 1996இல் மூத்த பத்திரிகையாளர் பி.என். உனியால் டெல்லியில் ஒரு தலித் செய்தியாளரைத் தேடி, ஒருவரையும் காணாமல் அதைப் பற்றியே எழுதினார். 1893இல் 'பறையன்' இதழை இரட்டைமலை சீனிவாசனும், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை அயோத்திதாசரும் தொடங்கிய மொழியில் இந்தக் கேள்வி இன்னும் எழ வேண்டியிருப்பது வெட்கம்.

வட்டார நிருபரைக் குறைசொல்வது எளிது. சிறுநகரங்களில் அவர்களில் பலருக்கு நிலையான ஊதியம் இல்லை. விளம்பரம் பிடித்துத் தந்தால்தான் வருமானம். விளம்பரம் தருபவர் ஆதிக்கச் சாதியின் கடைக்காரர்; அன்றாடத் தகவல் தருவது காவல் நிலையம். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலமும் இதற்கு விலக்கன்று. ஆகவே பயிற்சி என்பது அறவுரையாக இருந்தால் பயனில்லை. காவல் நிலையத்தைச் சாராமல் செய்தி திரட்டும் வழியை அது கையில் கொடுக்க வேண்டும்.

அந்த வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பிணை மனு உட்பட ஒவ்வொரு நடவடிக்கையும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட வேண்டும், அவர் தரப்பு கேட்கப்பட வேண்டும் என்கிறது. இது கட்டாயம் என உச்சநீதிமன்றம் 2021இல் அரிராம் பாம்பி வழக்கில் தீர்ப்பளித்தது. பிணை கிடைத்தது என்று எழுதும் நிருபர், அறிவிப்பு கொடுக்கப்பட்டதா என்று ஒரு வரி சேர்க்கலாமே. கடமையைப் புறக்கணித்த அரசு ஊழியரைத் தண்டிக்க 4ஆவது பிரிவு உண்டு. அது எத்தனை வழக்குகளில் சேர்க்கப்பட்டது என்று கேட்பதே ஒரு செய்தி. குற்றப்பத்திரிகை தாக்கலானதிலிருந்து இரண்டு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும் என்று 14ஆவது பிரிவு எதிர்பார்க்கிறது. முருகேசன் வழக்கின் நாட்காட்டியை இதன் அருகில் வைத்துப் பாருங்கள்.

தீர்ப்போடும் வேலை முடிவதில்லை. 1992இல் வாச்சாத்தியில் பழங்குடி மக்கள்மீது வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய கொடுமைக்கு 2011இல் தண்டனை வந்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்து, வல்லுறவுக்குள்ளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கவும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டது. மேலதிகாரிகளைத் தொட்ட அந்த ஆணைக்குப் பின்னர் என்ன நடந்தது என்று ஆண்டுதோறும் கேட்கும் செய்தியாளரே நான்காவது கடமைக்குக் காவல். கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்தை அங்குள்ள ஏடுகள் நாள் எண்ணி எழுதியது இந்தப் பொறுமைக்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஊடகத் துறையில் சேர விரும்பும் கல்லூரி மாணவர்களுக்கு இப்பயிற்சியை உடனே தொடங்க ஓர் இடம் சொல்கிறேன். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி மாவட்ட விழிகண் குழு மூன்று மாதத்திற்கு ஒருமுறை கூட வேண்டும். கோட்ட அளவிலும் அத்தகைய குழு உண்டு. விருத்தாசலம் சார் ஆட்சியர் அலுவலகத்திற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள்: கடந்த இரண்டு ஆண்டுகளில் குழு கூடிய நாட்கள், கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், நிவாரணம் நிலுவையிலுள்ள வழக்குகளின் எண்ணிக்கை. பாதிக்கப்பட்டோரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். 30 நாட்களில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.