படங்கள் காணாமல் போகவில்லை

பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த பலர், இப்போது தோட்டத்துப் படங்களைத் தேடிச் சேர்க்கிறார்கள். லயங்கள் இடிந்துவிட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனையோ வீடமைப்புப் பகுதியோ இருக்கிறது. திரும்பப் போய் எடுக்க முடியாத படங்கள் அவை. பாட்டி வீட்டு அலமாரியில் கிடந்தவற்றை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் வேலை பெரும்பாலும் பேரப்பிள்ளைகளுடையது. “டீச்சர், நேற்று ஏற்றிய படமெல்லாம் காணோம்” என்று அவர்களில் யாராவது வந்து நிற்பது எனக்குப் பழகிவிட்டது. கோப்புறையைத் தொட்டால் 0 என்று காட்டுகிறதாம்.

அநேகமாகப் படங்கள் வட்டில் பத்திரமாகவே இருக்கும். மாறியிருப்பது காட்டும் முறை.

தோட்டக் கணக்கை நினைத்துப் பாருங்கள். தோட்டத்துக்குக் கீழே டிவிஷன்கள், டிவிஷனுக்குக் கீழே லயங்கள். “தோட்டத்தில் எத்தனை பேர்?” என்று கிராணியாரைக் கேட்டால் எல்லா டிவிஷன்களையும் கூட்டிச் சொல்வார். “எந்த டிவிஷனிலும் சேராதவர்கள் எத்தனை பேர்?” என்றால் யாருமே இல்லாமல் போகலாம். இரண்டு பதிலும் சரிதான், கேள்விதான் வேறு.

லைட்ரூம் கிளாசிக், டிஜிகாம் போன்ற மென்பொருள்களும் இப்படித்தான் கணக்குப் பார்க்கின்றன. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பாதை உண்டு: பேராக், அதற்குள் சுங்கை சிப்புட், அதற்குள் எல்பில், அதற்குள் திருவிழா. நீங்கள் ‘சுங்கை சிப்புட்’ கோப்புறையைத் தொடும்போது, அந்தப் பாதையில் தொடங்கும் எல்லாப் படங்களையும் காட்டுவது ஒரு முறை. நேராக அதற்குள்ளேயே போட்டு வைத்தவற்றை மட்டும் காட்டுவது இன்னொரு முறை. உட்கோப்புறைகளில் 600 படங்கள் இருந்தாலும், இரண்டாவது முறையில் மேல் கோப்புறை 0 என்றுதான் சொல்லும்.

லைட்ரூம் கிளாசிக்கில் ‘லைப்ரரி’ மெனுவுக்குள் ‘ஷோ போட்டோஸ் இன் சப்ஃபோல்டர்ஸ்’ என்பதே இதற்கான பொத்தான். இலவசமாகக் கிடைக்கும் டிஜிகாமில் ‘வியூ’ மெனுவில் ‘இன்க்ளூட் ஆல்பம் சப்-ட்ரீ’ என்று இருக்கும். 2016-இல் கூகுள் கைவிட்ட பிக்காசாவில் எல்லாக் கோப்புறைகளையும் ஒரே வரிசையில் அடுக்கும் தட்டையான பட்டியலும் உண்டு, மரக்கிளை போன்ற பட்டியலும் உண்டு. தட்டையான பட்டியலிலேயே பழகியவர்கள்தாம் புதிய மென்பொருளில் அதிகம் தடுமாறுகிறார்கள்.

காணாமல் போனதாக நினைப்பதைவிட ஆபத்தானது இதன் மறுபக்கம். உட்கோப்புறைகளையும் சேர்த்துக் காட்டும்போது, மேல் கோப்புறையில் தேவையற்ற நாலு படங்களை நீக்குவதாக எண்ணி, கண்ட்ரோல்-ஏ அழுத்தி ‘டெலீட்’ செய்தால், கீழே உள்ள எல்லாத் தோட்டத்துப் படங்களும் சேர்ந்து தேர்வாகிவிடும். அப்போது லைட்ரூம் ஒரு கேள்வி கேட்கும்: பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கவா, வட்டிலிருந்தே அழிக்கவா? இதைப் படிக்காமல் பொத்தானைத் தட்டுவது பலருக்கு வழக்கம். கணினியின் உள்வட்டு என்றால் குப்பைத் தொட்டியிலிருந்து மீட்கலாம். விண்டோஸில் பென்டிரைவ் படங்களுக்கு அந்தத் தொட்டியும் கிடையாது. அழிப்பதற்கு முன் அந்தப் பொத்தானை அணைத்துவிடுங்கள். பிறகு எத்தனை படங்கள் தெரிகின்றன என்று எண்ணுங்கள்.

தீமிதிப் படங்களைக் கையால் இழுத்து வரிசைப்படுத்த முடியவில்லை என்றாலும் காரணம் இதுவாக இருக்கலாம். பல கோப்புறைகளின் படங்கள் கலந்து தெரியும்போது லைட்ரூம் அந்த வசதியைத் தராது.

எல்பில் தோட்டத்துக்கு ஒரு ‘திருவிழா’, ஹீவுட் தோட்டத்துக்கு ஒரு ‘திருவிழா’ என்று வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தகவல். இரண்டையும் தனித்தனியாக ஏற்றியிருந்தால், பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை நிற்கும். ‘ஃபோல்டர்ஸ்’ தலைப்புக்குப் பக்கத்திலுள்ள கூட்டல் குறியைத் தட்டி ‘ஃபோல்டர் அண்ட் பாத்’ என்று மாற்றினால் பெயரோடு முழுப் பாதையும் தெரியும். கோப்புறையின் மேல் வலது சொடுக்கு செய்து ‘ஷோ பேரன்ட் ஃபோல்டர்’ கொடுத்தால், அது எந்தத் தோட்டத்துக்குள் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

கோப்புறை மேல் கேள்விக்குறி வந்திருந்தால் அது வேறு கதை. யாரோ லைட்ரூமுக்கு வெளியே அதை நகர்த்தியிருக்கிறார்கள், பெயரை மாற்றியிருக்கிறார்கள் அல்லது வெளிவட்டைக் கழற்றியிருக்கிறார்கள். வட்டைச் செருகிப் பாருங்கள். அப்படியும் குறி போகவில்லையென்றால், வலது சொடுக்கில் ‘ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்’ கொடுத்துப் புதிய இடத்தைக் காட்டுங்கள்.